சிவப்பு வயிற்றுத் தரைப்பாம்பு

ஈக்வடாரிலிருந்து என் தோழி அனுப்பிய வீடியோவை இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூ மளிகைக்கடைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, இறங்காமலே பார்த்தேன். சில விநாடிகள்தான். அவளுடைய உள்ளங்கை, அதில் ஒரு பிடி ஈரமண், மண்ணுக்குள் தலையை நுழைத்துக்கொள்ளப் பார்க்கும் ஒரு சிறிய பாம்பு. முதுகு காப்பிக்கொட்டை நிறம். அவள் கட்டைவிரலால் மெல்லப் புரட்டியபோது வயிறு தெரிந்தது. பழுத்த மிளகாய்ச் சிவப்பு. “பாருடி, இந்தக் கலரைப் பாரு” என்று அவள் குரல் மட்டும் கேட்டது. பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். கறிவேப்பிலையும் தயிரும் வாங்க வந்தவள் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். அன்று முழுக்க நெஞ்சுக்குக் கீழே காந்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பெயர் பொறாமை என்று தெரியாத வயதில்லை எனக்கு.

அந்தப் பாம்பை எனக்கு எட்டு வருடங்களாகத் தெரியும். ஆனால் உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

நானும் அவளும் சென்னையில் ஒரே கல்லூரியில் விலங்கியல் முதுகலை படித்தோம். நான் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவள். அவள் பெரம்பூரிலிருந்து ரயிலில் வந்து போவாள். பாம்பு என்றால் ஒதுங்காத பெண்கள் வகுப்பில் நாங்கள் இருவர்தான் என்பதால் சேர்ந்துகொண்டோம். மதிப்பெண்ணில் நான் எப்போதும் ஒரு படி மேலே. இதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனால் பின்னாளில் அவளை நினைத்து வயிறு எரிந்த ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மதிப்பெண்கள் ஞாபகம் வந்தன. படிப்பு முடிந்ததும் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு சான் ரமோனில் வேலை. அவள் டெக்ஸாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்டிக்கு இடம் வாங்கினாள். இருவரும் ஒரே வருடத்தில் அமெரிக்கா வந்தோம். நான் கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தேன், அவள் தன் விசாவில் வந்தாள்.

முதல் சில வருடங்கள் எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், நாங்கள் குடியிருக்கும் பே ஏரியாவில் உள்ள ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வாலண்டியராகச் சேர்ந்தேன். வேலை அனுமதி வந்த பிறகு அங்கேயே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஆல்கஹாலில் ஊறும் பாம்பு, பல்லி, தவளைகளைப் பராமரிக்கும் வேலை. ஜாடியில் ஆல்கஹால் வற்றினால் ஊற்ற வேண்டும். மூடி தளர்ந்தால் மாற்ற வேண்டும். வேறு ஊர் ஆராய்ச்சியாளர்கள் கேட்டால் ஈரத்துணியில் சுற்றிப் பார்சல் பண்ண வேண்டும். வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும் என் கையிலிருந்து அந்த வாடை போகாது என்று கணவர் சொல்வார்.

அந்த அலமாரிகளில் ஒன்றில்தான் தென் அமெரிக்கத் தரைப்பாம்புகள் இருந்தன. அட்ராக்டஸ் என்பது அந்தப் பேரினத்தின் பெயர். பென்சில் தடிமனிலிருந்து கட்டைவிரல் தடிமன் வரை இருக்கும். விஷம் கிடையாது. மண்ணுக்கடியிலும் மட்கிய இலைக்கடியிலும் கிடந்து மண்புழு தின்னும். ஒன்றைப் போலவே இன்னொன்று இருப்பதால், அவற்றில் மொத்தம் எத்தனை இனம் என்பதில் சண்டை ஓயவே ஓயாது. புதிதாக ஓர் இனம் சேரும், பழைய இனம் ஒன்று போகும். வருகிற ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் அந்த ஜாடிகளைப் பார்த்ததும் அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. யாரும் கேட்காத அந்தப் பாம்புகளை என்னுடையவை என்றே நினைத்துக்கொண்டேன்.

ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில், ஈக்வடாரின் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்த சில ஜாடிகள் அங்கே இருந்தன. அட்ராக்டஸ் என்பதற்கு மேல் யாரும் அவற்றை அடையாளம் கண்டதில்லை. மதிய இடைவேளையில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைப்பேன். பாம்பை அடையாளம் காண்பது என்றால் முக்கால்வாசி செதில் எண்ணுவதுதான். உடம்பைச் சுற்றி எத்தனை வரிசை, வயிற்றில் எத்தனை பட்டை, மேலுதட்டில் எத்தனை செதில், அவற்றில் எவை கண்ணைத் தொடுகின்றன. பெண்ணுக்கு வயிற்றுப் பட்டை கூடுதல், ஆணுக்கு வால் நீளம். அதனால் ஆண் பெண் பார்த்துப் பிரித்துவிட்டுத்தான் எண்ணவே ஆரம்பிக்க வேண்டும். குண்டூசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பள்ளத்தாக்குப் பாம்புகளுக்கு மேலுதட்டில் ஒரு செதில் குறைவாக இருந்தது. அக்கம்பக்கத்து இனங்களுக்கு ஏழு, இவற்றுக்கு ஆறு. இது என்ன பாம்பு என்று ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். மகளுக்குக் கணக்கு வகுப்பு, பாட்டு வகுப்பு. கணவருக்கு நடுவில் ஒரு லே-ஆஃப். வீடு மாற்றினோம். உயிரோடு ஒன்றையாவது பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஓர் ஆசையும் இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் எப்போதோ முடிந்திருந்தது. கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. “வெளிய போனீங்கன்னா திரும்ப வர்றது கஷ்டம். இப்ப ரிஸ்க் எடுக்காதீங்க” என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

என் தோழியோ ப்ரொபசர் ஆகிவிட்டாள். அந்த வழியில் அவளுக்குக் கிரீன் கார்டும் சீக்கிரம் வந்துவிட்டது. ஒவ்வொரு கோடையிலும் தென் அமெரிக்கா போனாள். அவளுடைய ஆராய்ச்சி அதுவரை தவளைகளில்தான். ஒரு நாள் போனில் என் தரைப்பாம்புகளைப் பற்றி நான்தான் ஆசை ஆசையாகச் சொன்னேன். ஆறு செதில் விஷயத்தையும் சொன்னேன்.

“எந்த ஊர்ப் பக்கம்னு சொன்னே?” என்று கேட்டாள்.

அதையும் சொன்னேன். அடுத்த கோடையில் அந்த வீடியோ வந்தது.

மறுநாள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

“பாத்தியா? எப்டி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கா? அவ்ளோதானா? காப்பித் தோட்டத்துல ஒரு குப்பை மேட்டைக் கிளறினா உள்ள இது சுருண்டுட்டு இருக்கு. பக்கத்துலயே இன்னும் ரெண்டு.”

“மேல் லிப்ல எத்தனை ஸ்கேல்?”

“ஆறு. நீ சொன்னேல்ல?”

“கழுத்துல காலர் மாதிரி வெள்ளையா ஏதாவது இருக்கா?”

“இல்லியே. பிளைன் பிரவுன். எதுக்கு?”

“சும்மாதான் கேட்டேன்” என்றேன்.

சும்மா கேட்கவில்லை. என் ஜாடிகளில் இரண்டு விதப் பாம்புகள் இருந்தன. சிலவற்றுக்குத் தலைக்குப் பின்னால் வெண்மையாக ஒரு பட்டை ஓடும். சிலவற்றுக்கு அது கிடையாது. இரண்டு இனம் கலந்து கிடக்கிறது என்று முடிவு கட்டி, வருடங்களுக்கு முன்பே தனித்தனி ஜாடிகளில் பிரித்து வைத்திருந்தேன். காலர் இருந்த வகைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும் என்று ஒரு சந்தேகமும் எனக்கு இருந்தது. காலர் இல்லாதது பெயரில்லாத புது இனமாக இருந்தால் அதை எழுத வேண்டியவள் நான். அந்தப் பெயரில்லாத பாம்பைத்தான் அவள் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

சில மாதங்கள் கழித்து அவள் கட்டுரையின் வரைவு வந்தது. டிஎன்ஏ எல்லாம் பார்த்துவிட்டிருந்தாள். தெரிந்த இனம் எதோடும் ஒத்துப்போகவில்லை, இது புது இனம் என்று எழுதியிருந்தாள். பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு எக்ஸ் போட்டிருந்தது. அச்சாகும் வரை புதுப் பெயர் வெளியே கசியக் கூடாது என்று எல்லோரும் செய்வதுதான். “படிச்சுட்டு எங்கெல்லாம் தப்பு இருக்கோ கிழிச்சுத் தொங்க விடு” என்று எழுதியிருந்தாள். நன்றி சொல்லும் பகுதியில், கடைசியில், என் பெயர் இருந்தது. அருங்காட்சியகத்தில் உதவியவர்களோடு ஒன்றாக.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ஆச்சு? ஆபிஸ்ல ஏதாவதா?” என்றார்.

“என் பாம்பை அவ எழுதிட்டா.”

“உன் பாம்பா? நீ எழுதலியேம்மா.”

அவர் சொன்னது உண்மை என்பதாலேயே அவரோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் வரைவை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தேன். விஞ்ஞான ஆர்வம் என்று சொல்ல மாட்டேன். அவள் எங்கேயாவது தவறியிருக்க வேண்டும் என்ற வெறியோடுதான் உட்கார்ந்தேன். வேறு யாருடைய வரைவாக இருந்தாலும் அவ்வளவு ஊன்றிப் படித்திருக்க மாட்டேன்.

அவள் தன் பாம்பைப் பழைய இனம் ஒன்றிலிருந்து பிரித்துக் காட்டியிருந்தாள். பல தலைமுறைக்கு முன்னால் ஒருவர் பெயர் வைத்த இனம் அது. அதற்கும் மேலுதட்டில் ஆறு செதில்தான். ஆனால் கழுத்தில் வெள்ளைக் காலர், வயிறு வெள்ளை. அவளுடையதற்குக் காலர் இல்லை, வயிறு சிவப்பு. அந்தப் பழைய இனத்தில் உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு பாம்பு. முதன்முதலில் பெயர் வைத்தவர் எந்தப் பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தாரோ, அந்தப் பாம்பு. அதை டைப் என்போம். பின்னால் யார் எதைப் பிடித்தாலும் இது அதுதானா என்று அந்த ஒரு பாம்போடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்த டைப் எங்கள் அருங்காட்சியகத்தில், தனியாகப் பூட்டிய அலமாரியில் இருந்தது. அதற்கு ஆல்கஹால் ஊற்றுகிறவள் நான். அவள் அதன் போட்டோக்களை மட்டும் பார்த்திருந்தாள். மிகப் பழையது என்பதால் அதிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியவில்லை.

டைப்பை வெளியே எடுத்தேன். என் விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே. குட்டி. அது குட்டி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை டிரேயில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒப்பிட என் பள்ளத்தாக்குப் பாம்புகளை எடுத்தேன். காலர் ஜாடியிலிருந்தும் காலர் இல்லாத ஜாடியிலிருந்தும் எல்லாவற்றையும் எடுத்து நீளவாக்கில் அடுக்கினேன். அதுவரை ஒவ்வொன்றாகத்தான் பார்த்திருந்தேன். சிறியதிலிருந்து பெரியது வரை ஒன்றாக அடுக்கியது அன்றுதான் முதல் தடவை.

அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது மைக்ராஸ்கோப்பே தேவைப்படவில்லை. மிகச் சின்னதற்கு, டைப்புக்கு இருந்தது போலவே, காலர் அகலமாக இருந்தது. அடுத்தவற்றில் மெலிந்துகொண்டே போனது. அதற்கடுத்ததில் நடு முதுகில் விட்டுப்போய், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டாக நின்றது. அதைவிடப் பெரியதில் பொட்டு மங்கியிருந்தது. பெரியவற்றில் ஒன்றுமே இல்லை. குட்டியில் இருக்கும் காலர் வளர வளர மறைகிறது. இரண்டு இனம் இல்லை, ஒன்றுதான். நானே எட்டு வருடமாகக் குட்டிகளை ஒரு ஜாடியிலும் வளர்ந்தவற்றை இன்னொரு ஜாடியிலும் போட்டு வைத்து, இரண்டு இனம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வயிற்றுச் சிவப்பு ஆல்கஹாலில் நிற்காது. பெயர் வைத்தவர் பார்த்தது ஆல்கஹாலில் ஊறியதை. அதனால் வெள்ளை என்று எழுதிவிட்டார். அவரும் அந்தப் பாம்பை உயிரோடு பார்த்தவரில்லை.

அவளுடைய புது இனம் புதியதே இல்லை. அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

அந்த மத்தியானம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? என்னுடைய புது இனமும் அதோடு சேர்ந்து போய்விட்டது என்பது உறைக்கக்கூட இல்லை. கீழே போய் ஒரு காப்பி வாங்கி, வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். முழுவதையும் சொன்னேன்.

“நீ ஷ்யூரா?” என்றாள் கடைசியில்.

“டிரேல அடுக்கி வெச்சிருக்கேன். வந்து பாரு.”

“வரேன்” என்றாள். குரல் சின்னதாக இருந்தது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து நேராக அருங்காட்சியகத்துக்கு வந்தாள். தான் பிடித்த பாம்புகளில் இரண்டை உரிய அனுமதியோடு முன்பே அனுப்பி வைத்திருந்தாள். நான் அவற்றைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். அவளே பிரித்தாள். துணியை விலக்கி, பெரியதைக் கையில் எடுத்துப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். வயிறு வெளுத்து, பழைய காகிதம் போல் இருந்தது. சிவப்பின் சாயல்கூட இல்லை.

“போயிடுச்சுடி” என்றாள். “நான் அனுப்பும்போதே கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சு. இப்ப சுத்தமா போயிடுச்சு. எப்டி இருந்துச்சு தெரியுமா?”

“வீடியோல பாத்தேனே.”

“வீடியோல ஒண்ணுமே தெரியல. நேர்ல…” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இப்போது அவள் பாம்பும் என் பாம்புகளைப் போல ஆகிவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு அவள் உட்கார்ந்து வேலை செய்ததைப் பார்த்தபோது அது கொஞ்சம் குறைந்தது. சமாதானம் சொல்லவில்லை, வாதாடவில்லை. டிரேயில் இருந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே எண்ணினாள். டைப்பின் தாடையைப் பார்த்தாள், வால் நுனியைப் பார்த்தாள். தன்னுடையதை வரிசையில் பெரியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அங்கே அப்படியே பொருந்தியது.

“கரெக்ட்” என்றாள். “நீ சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். பப்ளிஷ் ஆயிருந்தா மானம் போயிருக்கும். தேங்க்ஸ்டி.”

நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவாள், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன்.

அவளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். 880 ஃப்ரீவே முழுக்க டிராஃபிக். வெயில் கண்ணாடியில் நேராக அடித்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

“ஆமா, பேரு என்ன வெக்கறதா இருந்தே?”

“இனிமே எதுக்கு? விடு.”

“சொல்லுடி. அம்மா பேரா?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “உன் பேரு.”

முன்னால் போன லாரி பிரேக் போட்டது. நானும் போட்டேன். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“அந்த ஊரைச் சொன்னது நீ. ஆறு ஸ்கேல்னு சொன்னது நீ. நீ இல்லாட்டி நான் அந்தக் குப்பை மேட்டைக் கிளறியே இருக்க மாட்டேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் எக்ஸ் போட்டு வெச்சேன்.” சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “கடைசில நீயே வந்து உன் பேரை அடிச்சுட்டே!”

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் உள்ளே நெகிழவில்லை. முன்னைவிட மோசமாகக் காந்தியது. கொடுக்கிற இடத்தில் எப்போதும் அவள்தான் இருக்கிறாள், வாங்கிக்கொள்கிற இடத்தில் நான். எங்கள் வழக்கப்படி ஓர் இனத்தின் பெயருக்குப் பின்னால் அதைச் சூட்டியவரின் பெயரையும் எழுத வேண்டும். என் பெயர் அந்தப் பாம்புக்கு வந்திருந்தால், எங்கே எழுதினாலும் அதற்குப் பின்னால் அவள் பெயர் காலத்துக்கும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். வராமல் போனதே நல்லது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அடுத்த நிமிடமே, ஈக்வடாரில் ஒரு காப்பித் தோட்டத்து மண்ணுக்கடியில் என் பெயரோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்திருக்கும் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை.

வீட்டில் அவள்தான் நடந்ததை எல்லோருக்கும் சொன்னாள். குழம்பு ஊற்றிக்கொண்டே, தன் தவறையும் என் கண்டுபிடிப்பையும் பெரிய கதையாகவே சொன்னாள். கணவர், “அப்ப ஒரு பாம்புக்கு உன் பேரு வந்திருக்கும். நான் ஆபிஸ்ல சொன்னா யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாங்க” என்றார். ஹைஸ்கூல் படிக்கும் என் மகள் போனிலிருந்து நிமிர்ந்தாள்.

“ஸோ ஆன்ட்டி வாஸ் கோயிங் டு நேம் இட் ஆஃப்டர் யூ, அண்ட் யூ ப்ரூவ்ட் ஹர் ராங்?”

“ஆமா.”

“அம்மா, தட்ஸ் ஸோ யூ.”

அது பாராட்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கட்டுரையை மாற்றி எழுதினோம். புது இனம் என்பது போய், பழைய இனத்தின் சரியான, முழுமையான விவரிப்பு என்று ஆயிற்று. குட்டி, வளர்ந்தது, ஆண், பெண், உயிரோடு இருக்கும்போது நிறம், செத்த பிறகு நிறம் எல்லாம். “உன் பேரு முதல்ல வரட்டும்” என்றாள். இந்த முறையும் அவள்தான் கொடுத்தாள். நான் ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. வேண்டும் என்றிருந்தது, வாங்கிக்கொண்டேன். டிரேயில் வரிசையாகக் கிடந்த பாம்புகளின் படம் என்னுடையது. முதல் பக்கத்தில் இருந்த, உள்ளங்கையில் சிவப்பு வயிற்றைக் காட்டும் படம் அவளுடையது. கட்டுரையைத் திறப்பவர்கள் எதை முதலில் பார்ப்பார்கள் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த வருடம் டெக்ஸாஸில் ஒரு கருத்தரங்கு. விமானம் ஏறினாலும் நாட்டைவிட்டு வெளியே போகவில்லை என்பதால் வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. முதல் பெயர் என்னுடையது என்பதால் நான்தான் பேசினேன். பட்டுப்புடவை கட்டலாமா என்று யோசித்துக் கடைசியில் சாதாரண சல்வார் போட்டுக்கொண்டு போனேன். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலர் மறையும் படத்தைக் காட்டியபோது அரங்கில் ஒரு சின்னச் சலசலப்பு எழுந்தது. எனக்கு அது போதும் போல இருந்தது. கல்லூரிக்குப் பிறகு முதல் முறையாக அவளைவிட நான் மேலே நிற்கிறேன் என்று, மேடையில் நின்றுகொண்டு, சின்னப்பிள்ளை போல நினைத்தேன்.

கேள்வி நேரத்தில் வயதான ஒருவர் எழுந்தார். தரைப்பாம்புகளோடு காலமெல்லாம் கழித்தவர், எல்லோருக்கும் அவரைத் தெரியும். என்னைப் பாராட்டிவிட்டுக் கேட்டார், “கையில் எடுத்தால் இது என்ன செய்கிறது?”

எனக்குத் தெரியாது. ஜாடியிலிருந்து எடுத்தால் அது ஒன்றும் செய்வதில்லை. மைக் முன்னால் நின்றுகொண்டு, மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தாள். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கோபமாக வந்தது. “கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதியவர்தான் இதை உயிரோடு பார்த்தவர்” என்று சொல்லிக் கையைக் காட்டினேன். அரங்கில் இருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

அவள் எழுந்து சொன்னாள். கடிக்காது, கடிக்கப் பார்ப்பதுகூட இல்லை. உடம்பைச் சுருட்டித் தலையை அதற்கடியில் ஒளித்துக்கொள்ளும். விரல் இடுக்கில் புகப் பார்க்கும். புக முடியாவிட்டால் வாலின் கூர் நுனியை வைத்து உள்ளங்கையில் குத்தும். ரத்தம் வராது, ஆனால் முதல் தடவை தூக்கிவாரிப் போடும். அதன் உடம்பு கண்ணாடி மாதிரி வழவழப்பு, மண்ணிலேயே கிடந்தாலும் மண் ஒட்டுவதில்லை. பிடித்திருக்கும்போது அது மூச்சு விடுவது விரலுக்குத் தெரியும்.

வால் நுனியின் அந்தக் கூர்மையை நான் எத்தனை முறை அளந்திருக்கிறேன்! அந்தக் கூர் எதற்கு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது. அவள் சொல்லி முடித்து உட்காரப் போனாள். மேடை, அரங்கு, நேரம் எல்லாம் மறந்து மைக்கிலேயே கேட்டுவிட்டேன். அதுவும் தமிழில்.

“வாசனை ஏதாவது அடிக்குமாடி?”

அரங்கில் யாருக்கும் புரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதி உட்கார்ந்தவள் மறுபடி எழுந்தாள்.

“அடிக்கும்டி. பயந்தா ஒரு வாடை விடும். துருப்பிடிச்ச இரும்பு மாதிரி. கை கழுவினாலும் போகாது” என்றாள். பிறகு மற்றவர்களுக்காக அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள்.